நிலாவில் பெயர் உள்ள குடும்பம்

சிரியாவின் ரக்கா ஊரில் பெண் கேட்கப் போன இடத்தில் காப்பி கொடுத்தால் யாரும் உடனே குடித்துவிட மாட்டார்கள். கூட்டத்தின் பெரியவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு வந்த காரியத்தைச் சொல்வார். பெண்ணின் அப்பா "குடிங்க" என்றால் சம்மதம். பெரியவர் குடித்துவிட்டால் கல்யாணம் நிச்சயம், அப்புறம் யாரும் பேச்சை மாற்ற முடியாது. குடிக்காமல் எழுந்து போனால் அந்த உறவு அன்றோடு சரி.

மாப்பிள்ளை ஃபவாஸ் பெண் வீட்டில் பெரியவர்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தான். ருதைனாவைத்தான் கட்டுவேன் என்று வீட்டில் எத்தனையோ நாள் பட்டினி கிடந்து இந்தக் கூட்டத்தைக் கிளப்பியிருந்தான். பெரியப்பா அபூ திர்காமின் வாய்தான் அவனுடைய கவலை. "பொண்ணைக் கேளுங்க, அதோட வாயை மூடிக்குங்க" என்று வழியெல்லாம் கெஞ்சியிருந்தான்.

பெரியப்பா கோப்பையைக் கீழே வைத்தார். பெண்ணைக் கேட்டார். அதோடு நிறுத்தினாரா என்றால், இல்லை.

"எங்களைச் சாதாரணமா நெனச்சிராதீங்க, ஹாஜி. அல்-பத்தானி வம்சம் நாங்க. ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி இதே ஊர்ல ஒக்காந்து வானத்தை அளந்தாரே, அவரு! நிலாவுல ஒரு பள்ளத்துக்கே எங்க தாத்தா பேருதான்."

பெண்ணின் அப்பா ஹாஜி நாயிஃபுக்கு முகம் சிவந்துவிட்டது. "யாரோட தாத்தா? பத்தானி எங்க தாத்தாய்யா! ஒங்க தாத்தா சந்தையில கத்திரிக்கா வித்தவரு."

"அப்படியா? ஒங்க தாத்தான்னா அவரு என்ன பண்ணாருன்னு சொல்லுங்க பாப்போம்."

"அவரு... நிலாவைக் கண்டுபிடிச்சாரு."

"அதுவரைக்கும் ஊரே இருட்டுலயா கெடந்துச்சு? அவரு கண்டுபிடிச்சது தொலைநோக்கி!"

அந்த மகான் வருஷத்தின் நீளத்தைச் சில நிமிஷப் பிசகில் கணக்கிட்டவர். தொலைநோக்கி வருவதற்கு அறுநூறு வருஷத்துக்கு மேல் முன்பே மண்ணுக்குள் போனவர். ஆனால் புகழ் நிலைக்க அதெல்லாம் யாருக்கும் தெரிந்திருக்க வேண்டியதில்லை போலிருக்கிறது. சண்டை போட இரண்டு கிழவர்கள் இருந்தால் போதும்.

"வம்சத் திருடன்" என்றார் ஹாஜி. அதற்கு மேல் ஃபவாஸால் பொறுக்க முடியவில்லை. எழுந்தான்.

"ஹாஜி, பத்தானியை நீங்களே வெச்சுக்குங்க. எங்க தாத்தா கத்திரிக்காதான் வித்தாரு. நல்ல கத்திரிக்கா. எனக்கு ருதைனா போதும்."

ஹாஜி அப்படியே குளிர்ந்துபோனார். "இந்த வீட்டுக்கு இப்படிப்பட்ட மாப்பிள்ளைதான்யா வேணும்! குடிங்க அபூ திர்காம், பொண்ணு ஒங்களுக்குத்தான்."

பெரியப்பா கோப்பையைத் தள்ளி வைத்தார். "வம்சத்தை வித்து வாங்குன காப்பி எனக்கு வேணாம்."

பெண் வீட்டார் கொடுத்தும் மாப்பிள்ளை வீட்டார் குடிக்காத கதையை ரக்கா அதுவரை கேட்டதில்லை.  ஃபவாஸுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வெட்கத்தை விட்டு அழுதான்.

உள்ளறைத் திரை விலகியது. இந்த மாதிரி சபைக்குப் பெண் வரக்கூடாது. ருதைனா வந்தாள்.

"பெரியப்பா, பத்தானி எங்க வம்சமாவே இருந்துட்டுப் போகட்டும். நாளைக்கு எனக்குப் பொறக்கிற புள்ளைங்களுக்கும் அவரு தாத்தாதானே?"

"ம்... ஆமா."

"அதுங்க எந்த வீட்டுப் பேரைப் போட்டுக்கும்?"

"எங்க வீட்டுப் பேரைத்தான். அதுல என்ன சந்தேகம்?"

"எங்கப்பாவுக்கு ஆம்பளப் புள்ள இல்ல. நான் ஒருத்திதான். இனிமே பத்தானி பேரன்னு ஊர்ல எவன் நடந்தாலும் அவன் ஒங்க வீட்டுப் பையனாத்தான் இருப்பான்."

பெரியப்பாவின் மீசை மெல்ல விரிந்தது. ஹாஜிக்கு விஷயம் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"ஏய், இருங்க, இருங்க" என்று அவர் கையை நீட்டுவதற்குள் பெரியப்பா ஆறிப்போன காப்பியை ஒரே மடக்கில் குடித்து முடித்திருந்தார்.