வாய் நிறையப் பனி

எங்கள் பனிக்கடல் ஊருக்குத் தெற்கே, நகரத்தில் இருக்கிற பெண் பதிப்பாளருக்கு என் கதையில் ஒரே ஒரு குறை. கடல்நாயைக் கொன்ற வேட்டைக்காரன் அதன் பக்கத்தில் மண்டியிட்டு மன்னிப்புக் கேட்க வேண்டுமாம், அரைப் பக்கத்துக்கு. கேட்டால் புத்தகம் வரும். இல்லையென்றால் வராது. வெள்ளிக்கிழமை மாலைக்குள் அனுப்ப வேண்டும்.

எங்கள் வீட்டில் முதன்முதலாக டிகிரி வாங்கியவள் நான். புத்தகம் போடுகிற ஆசை யாரை விட்டது? பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினேன். “ஓ கடலின் மகளே, என் பசியை மன்னிப்பாயாக” என்று ஆரம்பிக்கும்போதே எனக்கே பொய்யாகப் பட்டது.

வெள்ளி மதியம் ஊர் ரேடியோவில் கதையை வாசித்தேன். மன்னிப்பு முடிந்ததுமே நிலையத்துப் போன் அடித்தது; யார் பேசினாலும் ஊரே கேட்கும். ஆலாசி அத்தை. உறைந்த கடலில், கடல்நாய் மூச்சுவிட மேலே வரும் துளையருகே நின்று முப்பது வருஷமாக அதைப் பிடிக்கிறவள்.

“தபீசா, அவன் அந்தச் செத்த கடல்நாய்க்குத் தண்ணி குடுத்தானா இல்லியா?”

“குடுத்தான் அத்தை. அடுத்த பக்கத்துல வருது.”

“எதுல குடுத்தான்?”

“கோப்பையில.”

“கோப்பையா! வேட்டைக்குப் போனானா, விருந்துக்குப் போனானா? பனிய வாயில போட்டு உருக்கி, அது வாயில விடணும்டி. பாவம், உப்புத் தண்ணியிலயே கெடந்த உசிரு. நல்ல தண்ணி குடுக்கிறவன்கிட்டதான் மறுபடி பொறந்து வரும்.”

“சரி, மாத்திடறேன்.”

“மாத்து. ஆனா வாய் நெறையப் பனிய வச்சுக்கிட்டு அவன் எப்படிடி அவ்ளோ பெரிய பிரசங்கம் பண்ணான்?”

ரேடியோவை நடத்தும் மோசசி மைக்கிலேயே வெடித்துச் சிரித்தான். அடுத்த போனில் ஜுதானி மாமா. நிஜமாகவே வாயில் பனியை அடைத்துக்கொண்டு, “ழோ கழழின் மழழே” என்று என் வசனத்தைச் சொல்லிக் காட்டினார். பின்னால் அவர் வீடே கத்தியது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இந்த ஒரு வாரத்தில் முதல் சிரிப்பு.

அங்கேயே அந்த மன்னிப்பு அரைப் பக்கத்தையும் அடித்துப் போட்டேன். புதிதாக இரண்டு வரி எழுதி வாசித்தேன். “பனி உருகும்வரை அவன் பேசவில்லை. குனிந்து, அதன் வாயில் தண்ணீரை விட்டான்.”

மறுபடி போன் அடித்தது. அத்தை.

“ம். இப்ப அது மறுபடி வரும்.”

அப்படியே தெற்கே அனுப்பினேன். ‘மன்னிப்பெல்லாம் கிடையாது, அவன் வாயில் பனி இருக்கிறது, வேண்டுமானால் போடுங்கள்’ என்று மேலே ஒரு வரி. புத்தகம் வந்தால் வரட்டும்.

பதிப்பாளரிடமிருந்து பதில் வருவதற்குள் ரேடியோவுக்குப் பதினோரு போன். கடல்நாயின் ஈரலை எந்த வீட்டுக்குப் பங்கு கொடுத்தான் என்று நான் எழுதவேயில்லையாம். ஆளுக்கொரு வீட்டைச் சொல்கிறார்கள். எல்லாம் அவரவர் வீடு.