ஆலந்தலைக்கு வராத வண்டி

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை என் மூளையில் உதித்ததல்ல. ஒரு காரின் கைப்பிரேக் பக்கத்தில் செருகியிருந்த நாற்பது பக்க நோட்டிலிருந்து எடுத்தது.

போன ஆவணியில் தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூருக்கு வாடகைக் காரில் போனேன். ஓட்டியவர் ஒரு பெண். நோட்டில் பக்கம் பக்கமாகத் தேதி, நேரம், இடம், ஓர் எண். ‘ஏசி போட்டது: 11. போன் சார்ஜர் போட்டது: 11.’ அடுத்தவர் நோட்டை வாசிப்பதற்கு எழுதுகிறவன் வெட்கப்படுவதில்லை. என்னம்மா இது என்று கேட்டேன்.

“என் வண்டி எங்க நிக்கின்னு கண்டுபிடிச்ச கதை, அண்ணாச்சி.”

ஆத்தூர் தாண்டுவதற்குள் பாதிக் கதை வந்துவிட்டது. எழுதலாமா என்றேன்.

“எழுதிட்டு எங்கிட்டக் காட்டணும். பொய் இருந்தா அடிச்சிருவேன்.”

வாக்கியத்தையா, என்னையா என்று அவர் சொல்லவில்லை. கதையில் அவர் பெயர் ஜெமிமா. வயது முப்பத்தாறு, ஊர் நாசரேத். கதைக்குள் ‘அவள்’ என்று எழுதப்போகிறேன். நேரில் அப்படிப் பேச எனக்குத் தைரியம் கிடையாது.

2

முதலில் எழுதிய தொடக்கம் இது:

‘ஒரு காலத்தில் முத்துச் சிப்பிகள் விளைந்த கடலடிப் பாறைத் திட்டுக்கு நேர் மேலே ஒரு வெள்ளைக் கார் நின்றுகொண்டிருந்தது. கடல் அதை அழைத்திருந்தது.’

எனக்குப் பிடித்திருந்தது. துறைமுகச் சாலையில் ஒரு தடவை வழிகாட்டும் திரை அவள் காரைக் கடலுக்குள் காட்டியது உண்மைதான். ஜெமிமா வாசித்துவிட்டுத் தாளைத் திருப்பித் தந்தார்.

“கடல் கூப்பிட்டுச்சின்னு எழுதாதீங்க. வயரு பண்ணுன வேலை அது.”

இரண்டாவது தொடக்கம்: ‘தான் இருக்கும் இடம் தனக்கே தெரியாமல் போவது மனித குலத்தின் மிகப் பழைய’

[இந்த வாக்கியத்துக்கு முடிவு கிடைக்கவில்லை. கிடைக்காததே நல்லது.]

நடந்ததிலிருந்தே தொடங்குகிறேன்.

3

ஜெமிமா தன் காரைத் தூத்துக்குடியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு ஒப்பந்தத்தில் ஓட்டினாள். கடற்கரை ஊர்களில் இருந்து டயாலிசிஸுக்கு வருகிறவர்களை வீட்டிலிருந்து கூட்டிவந்து, திரும்பக் கொண்டுபோய் விட வேண்டும். வண்டியில் வழிகாட்டும் பெட்டி ஒன்று உண்டு. செயற்கைக்கோள்களிடம் தன் இடத்தைக் கேட்டு, அதைத் திரையில் அவளுக்கும், கம்பியில்லாமல் ஆஸ்பத்திரிக் கட்டுப்பாட்டு அறைக்கும் காட்டும். வண்டி நெருங்கியதும் அங்கிருந்து நோயாளிக்குப் போன் போகும்.

சித்திரை மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணி. ஆலந்தலையில் பிளாரன்ஸுக்குப் போன் வந்தது. வயது அறுபத்திரண்டு. மகன் சரக்குக் கப்பலில் வேலை, வீட்டில் தனியாள்.

“வண்டி குருசடி பக்கத்துல வந்து நிக்கிம்மா. சீக்கிரம் வாங்க.”

பிளாரன்ஸ் பையை எடுத்துக்கொண்டு, வீட்டைப் பூட்டி, தெருமுனையில் சிலுவை நிற்கும் குருசடிக்கு நடந்தார். வண்டி இல்லை. இந்தா வந்துவிடும் என்று நின்றார். மறுபடி போன் செய்து கேட்டார். திரையைப் பார்த்து அதே பதிலைச் சொன்னார்கள்: அங்கனதான் நிக்கி, நல்லாப் பாருங்க.

அந்த நேரம் ஜெமிமாவின் கார் காயல்பட்டினம் ரயில்வே கேட்டில் நின்றது. கேட் பழுதாகித் திறக்கவில்லை. பின்னால் நெருக்கிக்கொண்டு லாரிகள். அவள் வண்டி நகரவே இல்லை. பெட்டி மட்டும் நகர்ந்துகொண்டிருந்தது. செயற்கைக்கோள் கிடைக்காதபோது அது சும்மா இருப்பதில்லை. கடைசியாக வந்த வேகத்திலேயே வண்டி போயிருக்கும் என்று தானாக யூகித்து, வரைபடச் சாலையில் ஓட்டிக்கொண்டே போய், சேரவேண்டிய ஆலந்தலையில் கொண்டு நிறுத்திவிட்டது.

(தெரியாதபோது தெரிந்ததுபோல் ஓட்டுவது என் தொழிலிலும் உண்டு. அதனால் எனக்கு அந்தப் பெட்டிமேல் பெரிய கோபம் வரவில்லை. ஜெமிமாவுக்கு வந்தது.)

நாற்பது நிமிடம் கழித்து அவள் போய்ச் சேர்ந்தபோது பிளாரன்ஸ் தரையில் கிடந்தார். வெயிலில் மயங்கி, குருசடிப் படியில் முகம் அடிபட்டுத் தாடை கிழிந்திருந்தது. வலை பின்னிக்கொண்டிருந்த இரண்டு பேர் முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள். ஜெமிமா அவரைத் தூக்கி வண்டியில் போட்டுக்கொண்டு விரட்டினாள். தாடையில் ஐந்து தையல். நான்கு நாள் படுக்கை.

இரண்டாம் நாள் வார்டுக்குப் போய்ப் பார்த்தாள். பிளாரன்ஸ் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தார்.

“ஏளா, வந்துட்டுன்னு சொன்னதாலதான நான் வெளிய வந்தேன்? வராத வண்டிய வந்துட்டுன்னு சொல்லுத ஆளுககூட எனக்கு என்ன சோலி? இனிமே உன் வண்டியில ஏற மாட்டேன்.”

4

ஆஸ்பத்திரியில் வண்டிகளைக் கவனிக்கும் மேலாளர் ஜீவமணி ஒரு வாரம் கெடு கொடுத்தார். பெட்டி சரியாகாவிட்டால் ஒப்பந்தம் ரத்து.

பெட்டியைப் பொருத்திய சிவப்பிரகாஷின் கடைக்குப் போனாள். கார் ஸ்டீரியோ, சீட் கவர், இத்தியாதி விற்கிற கடை.

“சாஃப்ட்வேர் பழசுக்கா. அப்டேட் போட்டாச் சரியாயிரும்.”

போட்டான். மறுநாள் முக்காணியில் நின்ற காரைப் பெட்டி ஆற்றுக்குள் இறக்கியது.

“ரீசெட் பண்ணி, வெட்டவெளியில இருவது நிமிசம் ஆடாம அசையாம நிப்பாட்டுங்க. கோளெல்லாம் பிடிச்சிக்கிடும்.”

நிறுத்தினாள். பிடித்தது. எஞ்சினைக் கிளப்பிச் சாலையில் ஏறியதும் விட்டுவிட்டது.

கண்ணாடியில் ஒட்டியிருக்கும் வெயில் ஃபிலிம் சிக்னலைத் தடுக்கலாம் என்றான். தன் வீட்டு வாசலில் உட்கார்ந்து, வெந்நீரும் பழைய ஏடிஎம் கார்டுமாக அதை உரித்தாள். மூன்று மணி நேரம். ஆண்டெனாவை டேஷ்போர்டுக்குள்ளிருந்து வெளியே எடுத்துக் கண்ணாடியோரம் வைத்தாள். கொஞ்சம் தேறியது, பிறகு பழைய குருடி.

“வேற பெட்டி வாங்கிருங்கக்கா,” என்றான் சிவப்பிரகாஷ்.

“ஏலே, காய்ச்சல் எதுக்குன்னு தெரியாம ஆளையே மாத்தச் சொல்லுதியா?”

அன்றுதான் நோட்டு வாங்கினாள்.

5

இந்த இடத்தில் எனக்கு ஜெமிமாமேல் சந்தேகம் வந்தது. ஒரு பெண் ஒரு பெட்டியோடு இவ்வளவு மல்லுக்கட்டுவாளா? வாசகர் நம்பமாட்டார் என்று பயந்து, அவளுக்கு ஒரு கடந்தகாலத்தை உருவாக்கினேன். சின்ன வயதில் திருவிழாக் கூட்டத்தில் தொலைந்துபோய், ஒரு நாள் முழுக்க அழுது

[அடிக்கப்பட்டது. அடித்தவர் ஜெமிமா, சிவப்பு மையில்.]

“நான் எங்கயும் தொலையல, அண்ணாச்சி. ஒரு அம்மா என்னால கீழ விழுந்துட்டாங்க. இது பத்தாதா?”

“உங்களால இல்லையே. பெட்டியாலதானே?”

“பெட்டியா போய் அவங்ககிட்டப் பேசும்?”

பத்தும். கதைக்கும் அதுவே பத்தும்.

6

கெடு முடிய இரண்டு நாள் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ஜெமிமா நேரே பழையகாயல் உப்பளங்களுக்கு வண்டியை விட்டாள். கட்டடம் கிடையாது, மரம் கிடையாது. தலைக்கு மேலே வானம் மட்டும்.

பெட்டியைத் தவிர, வண்டிக்குள் மின்சாரத்தில் ஓடும் எல்லாவற்றையும் அணைத்தாள், பிடுங்கினாள். எத்தனை செயற்கைக்கோள் கிடைக்கிறது என்று காட்டும் பக்கத்தைத் திரையில் திறந்தாள். பதினொன்று.

ஏசி போட்டு ஐந்து நிமிடம் பார்த்தாள். பதினொன்று. போன் சார்ஜரைச் செருகினாள். பதினொன்று. வைப்பர், பாட்டுப் பெட்டி, முகப்பு விளக்கு. எண் அசையவில்லை. எதுவும் தப்பில்லை என்று ஆகிவிடுமோ என்று பயந்தாளாம்.

கடைசியாக, முன்கண்ணாடியில் ஒட்டியிருந்த கேமராவின் வயரைச் செருகினாள். வண்டிக்கு முன்னால் நடப்பதைப் படம் பிடிக்கும் கேமரா. ஒன்பது. ஆறு. மூன்று. இரண்டு நிமிடத்தில் பூஜ்யம். நின்ற இடத்திலேயே திரையில் கார் மெல்ல நகர ஆரம்பித்தது.

வயரைப் பிடுங்கினாள். எண் ஏறியது. செருகினாள், இறங்கியது. ஒரு தடவை தற்செயல். இரண்டு தடவை செய்தாலும் ஜீவமணி ஒத்துக்கொள்ளமாட்டார். ஏழு தடவை செய்தாள், ஏழையும் நேரத்தோடு எழுதினாள். கேமராவுக்குக் கரண்ட் கொடுக்கும் மட்டமான அடாப்டரும் வயரும் கண்ணுக்குத் தெரியாத இரைச்சலைக் கிளப்பி, வானத்திலிருந்து வரும் மெல்லிய குரலை அமுக்கிவிடுகின்றன என்று சிவப்பிரகாஷ் பிறகு விளக்கினான். “எனக்கு இது தோணவே இல்லக்கா,” என்று தலையைச் சொறிந்தானாம்.

ஆனால் கேமராவை மாட்டியது ஆஸ்பத்திரி. சித்திரை பிறந்த வாரம், எல்லா வண்டியிலும், ஜீவமணியே முன்னின்று.

7

“கேமராவக் கழட்ட முடியாது. பேஷண்ட் பாதுகாப்புக்கு மாட்டுனது,” என்றார் ஜீவமணி, நோட்டைத் திறக்காமலேயே.

“கழட்டச் சொல்லல சார். பத்து நிமிசம் வந்து வண்டியில உக்காருங்க.”

“எனக்கு மீட்டிங் இருக்கு.”

“நான் இங்கனயே நிக்கேன். முடிச்சிட்டு வாங்க.”

ஒன்றரை மணி நேரம் நின்றாள். அவர் வந்தார், முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு முன் இருக்கையில் உட்கார்ந்தார். ஜெமிமா கேமரா வயரைச் செருகிவிட்டுக் கைகளை மடியில் வைத்துக்கொண்டு ஐந்து நிமிடம் காத்திருந்தாள்.

“சார், இப்ப நாம எங்க இருக்கோம்?”

“ஆஸ்பத்திரி வாசல்ல. என்னம்மா விளையாட்டு இது?”

“உங்க போன்ல?”

கட்டுப்பாட்டு அறையின் படம் அவர் போனிலும் வரும். பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

“துறைமுகத்துக்குள்ள போவுது.”

“இப்பப் பிடுங்குதேன்.”

கொஞ்ச நேரத்தில் போனில் கார் ஆஸ்பத்திரி வாசலுக்குத் திரும்பியது. ஜீவமணி வயரைத் தொட்டுப் பார்த்தார். பிறகு தனக்குத்தானே சொல்வதுபோல், “மத்த பதினாலு வண்டியிலயும் இதே வயருதான்,” என்றார்.

என் பிரதியில் இந்த இடத்தில் அவர் மன்னிப்புக் கேட்டார். அதற்கும் சிவப்பு மை. “அவரு ஒண்ணும் கேக்கல. கதவத் தெறந்து எறங்கிப் போயிட்டாரு. ஆனா சாயங்காலத்துக்குள்ள எல்லா வண்டிக்கும் நல்ல அடாப்டரு வாங்கச் சொல்லிட்டாரு. அது போதும்.”

8

முடிவு.

நல்ல அடாப்டர் முதலில் மாட்டியது ஜெமிமாவின் வண்டிக்குத்தான். மற்ற வண்டிகள் வரிசையாகச் சிவப்பிரகாஷின் கடையில் நின்றன. அதனால் அந்த வெள்ளிக்கிழமை ஆலந்தலைச் சவாரி, வேறு ஆளில்லாமல், அவளிடமே வந்தது. ஓட்டிவருவது யார் என்று பிளாரன்ஸிடம் யாரும் சொல்லவில்லை.

கட்டுப்பாட்டு அறையிடம், அந்த வீட்டுக்கு நீங்கள் போன் போடவேண்டாம் என்றாள். தெருவுக்குள் நுழைந்து, வீட்டு வாசலை ஒட்டி நிறுத்தி, கைப்பிரேக் போட்டு, திரையைப் பார்த்தாள். சரியாகக் காட்டியது. இறங்கிப்போய் வீட்டு நம்பர் பலகையையும் பார்த்துவிட்டு வந்தாள். பிறகுதான் தானே போன் செய்தாள்.

“அம்மா, நான் ஜெமிமா பேசுதேன். வண்டி உங்க வாசல்ல நிக்கி. நீங்க வெளிய வர வேண்டாம். மொதல்ல ஜன்னல் வழியாப் பாருங்க. நான் சொல்லுதது நெசமான்னு பாத்துட்டு, பெறகு முடிவு பண்ணுங்க.”

அழைப்பு துண்டிக்கப்பட்டது. வீட்டின் பச்சை ஜன்னல் சாத்தியிருந்தது.

நான் எழுதிப் பார்த்த ஒரு முடிவில், பிளாரன்ஸ் பையோடு வந்து முன் இருக்கையிலேயே ஏறுகிறார். இன்னொன்றில், ஜன்னல் திறக்கவே இல்லை. மருமகன் பைக்கில் வந்து கூட்டிப்போகிறார். [மகன்தான் உண்டு என்று எழுதியிருக்கிறேன். மருமகன் எங்கிருந்து வந்தான்? நீக்கவும்.] இரண்டையும் ஜெமிமாவிடம் காட்டி, எது நடந்தது என்று கேட்டேன்.

“அது பிளாரன்ஸம்மா சொல்ல வேண்டியது. அவங்ககிட்டக் கேக்காம எழுதுனா, பெட்டி பண்ணுன வேலையத்தான் நீங்களும் பண்ணுதீங்க.”

நான் இன்னும் ஆலந்தலைக்குப் போய்க் கேட்கவில்லை. கேட்கும்வரை எனக்கு முடிவு தெரியாது, தெரிந்ததுபோல் எழுதவும் மாட்டேன். உங்களுக்கு வேண்டுமானால் நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: ஜெமிமாவை ஹாரன் அடிக்க வைத்துவிடாதீர்கள். அவள் எஞ்சினை அணைத்துவிட்டாள். அந்த ஜன்னல் எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டாலும் காத்திருப்பாள்.