சுகந்தினியின் படகினி

சுகந்தினிக்கு வேலை கிடைத்ததும் எனக்குக் கிடைக்காமல் போனதும் ஒரே சொல்லால்தான்.

இரண்டு பேரும் தெஹியோவிட்டப் பக்கம் ஒரே ரப்பர் தோட்டம், ஒரே லயத்து வரிசை வீடுகள். இரண்டு பேரும் பௌத்த உளவியல் படித்தோம். அவள் வீட்டில் முருகன், என் வீட்டில் மாதா; அதற்காக யாரும் எங்களைத் தடுக்கவில்லை. ஒரு காலத்தில் பிரிவெனா என்ற மடத்துப் பள்ளியில் பிக்குமார் மட்டும் ஓதிய அபிதர்மம், பிறகு பல்கலைக்கழகத்தில் மெய்யியலோடு ஒரு பாடமாகி, அப்புறம் உளவளத்துணை டிப்ளோமாவுக்குள் நுழைந்தது. இப்போது இரத்தினபுரிப் பக்கம் ஒரு புது வளாகத்தில் அதற்கென்று தனித் துறையே திறந்துவிட்டார்கள். தமிழ்ப் பிரிவுக்கு ஒரே ஒரு விரிவுரையாளர். விண்ணப்பித்தது நாங்கள் இருவர்.

நேர்முகத்தில் துறைத்தலைவரான பிக்கு, ஹாமுதுரு, 'இஸ்ஸா' என்ற பாளிச் சொல்லைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு எப்படி விளக்குவாய் என்று கேட்டார். "அழுக்காறு" என்றேன். சொல்லைப் பிரித்துக் காட்டி, மேல்நாட்டு உளவியலோடு ஒப்பிட்டு, சுத்தமான சிங்களத்தில் பேசினேன். தலையாட்டினார்.

அடுத்துப் போன சுகந்தினி 'வயித்தெரிச்சல்' என்றாளாம். சிங்களத்தில் சொல்லச் சொன்னதும், வயிறு, நெருப்பு என்று வார்த்தைக்கு வார்த்தை மாற்றி "படகினி" என்றிருக்கிறாள். சிங்களத்தில் படகினி என்றால் பசி! எந்தக் கடைக்காரனுக்கும் தெரியும். ஹாமுதுரு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாராம். பிறகு, "உண்மைதான், பொறாமையும் ஒரு பசிதானே" என்று மெச்சி, வேலையையும் கொடுத்துவிட்டார். சரியாகப் பேசின நான் பள்ளிக்கூடத்தில் சோக்குக் கட்டியோடு நிற்கிறேன். பிழையாகப் பேசினவள் விரிவுரையாளர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வகுப்பு தொடங்குவதற்கு முன்தினம் போன் எடுத்தாள்.

"மேர்சி, தனியா நிக்கப் பயமா இருக்குடி. நாளைக்கு மட்டும் வந்து பின்னால ஒக்காந்துக்க."

போனேன். தைரியம் சொல்லப் போகவில்லை. அவள் தடுமாறுவதைக் கண்ணால் பார்க்கப் போனேன். நல்ல சேலையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டுதான் போனேன்.

பாடம் இஸ்ஸா. கொஞ்ச நேரம் ஒழுங்காகத்தான் போனது. அப்போது வரக்காப்பொலவிலிருந்து வந்த பஸ்லியா என்ற மாணவி எழுந்தாள்.

"மிஸ், பொறாமப்படுற ஆளுக்கு அது பொறாமதான்னு வெளங்குமா?"

சுகந்தினி குறிப்பைப் புரட்டினாள். கண்ணாலேயே என்னிடம் கெஞ்சினாள். எனக்குப் பதில் தெரியும். இருந்தும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவ்வளவு சுகமாக இருந்தது.

"எனக்கு வெளங்கல" என்றாள் சுகந்தினி மெதுவாக. "ஏழாம் ஆண்டு படிக்கிறப்ப, சிங்களப் பேச்சுப் போட்டியில என் கூட்டாளி மேர்சி ஜெயிச்சா. அந்தா பின்னால ஒக்காந்திருக்காங்க பாருங்க, அவங்கதான். நான் பல்லுவலின்னு சொல்லிட்டு அவகூடப் பேசவே இல்ல. பல்லுவலின்னு நானே நம்பினேன். அது பொறாமன்னு இந்தப் பாடத்தப் படிச்சப்பதான் தெரிஞ்சிச்சு."

வகுப்பே அவளை வாஞ்சையோடு பார்த்தது. அட மாதாவே, பொறாமையிலும் இவள்தான் எனக்கு முந்திக்கொண்டாளா!

பஸ்லியா என் பக்கம் திரும்பினாள். "நீங்களும் அவங்க மேல பொறாமப்பட்டிருக்கீங்களா மிஸ்?"

"நானா? சேச்சே, அப்பிடியெல்லாம் ஒண்ணுமே இல்ல" என்றேன்.

சுகந்தினிக்குக் கண் கலங்கிவிட்டது. பலகையில் 'முதிதா' என்று பெரிதாக எழுதினாள்.

"பிறத்தியாருக்கு நல்லது நடந்தா நம்ம மனசு சந்தோசப்படுறது. இதுக்கு ஒதாரணத்தப் புஸ்தகத்துல தேட வேணாம். இதே வேலைக்குத்தான் இவங்களும் விண்ணப்பம் போட்டாங்க. கெடைக்கல. இருந்தும் லீவு போட்டு, பஸ் மாறி மாறி, எனக்காக வந்து ஒக்காந்திருக்காங்க."

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குனிந்து அந்த உதாரணத்தை எழுதத் தொடங்கினார்கள். பஸ்லியா மட்டும் பேனாவை நிறுத்தி, என் பெயருக்கு 'மெ'யா 'மே'யா என்று கேட்டாள்.

"மே" என்றேன்.