குப்பைக் குழாயில் போன மாத்திரை

இந்தக் காலத்து மனிதர்களுக்கு வெட்கம் என்று ஒன்று இல்லை என்பது மரியஅந்தோணியின் முடிவு. காலையில் லிஃப்ட் கதவு திறந்ததும் மூக்கில் அடிக்கிற மூத்திர நாற்றமே அதற்குச் சாட்சி என்பார். சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னாலிருந்த அந்த அடுக்குமாடிப் புளோக்கில், ஒன்பதாம் மாடிக்குக் குடிவந்ததிலிருந்து அவர் திட்டாத நாள் கிடையாது.

துறைமுகத்தில் முப்பத்திரண்டு வருஷம் மூட்டை தூக்கியவர். படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. டாக்டர், வங்கி, வானிலை அறிக்கை எதையும் நம்புகிற ஆளில்லை. ஆனால் எண்பத்தெட்டாம் வருஷம் லிஃப்டுக்குள் மூத்திரம் பிடிக்கும் மெஷினைக் கொண்டுவந்து பொருத்தினார்களே, அதை மட்டும் மனதார நம்பினார். தரையில் ஈரம் பட்டால் மணி அடிக்கும், கதவு பூட்டிக்கொள்ளும், ஆள் வந்து திறக்கிறவரை உள்ளே இருப்பவர் அங்கேயே நிற்க வேண்டியதுதான்.

"மாட்டட்டும். பேப்பர்ல போட்டோவோட போடணும். அப்பத்தான் புத்தி வரும்" என்றார், கோப்பியை ஊதிக்கொண்டே.

கோப்பி கொண்டுவந்து வைத்த அவர் மனைவி பிரிஜட் அடுப்படிக்குத் திரும்பினாள்.

பிரிஜட்டுக்கு அறுபத்திரண்டு வயது. ஒன்றரை வருஷமாக அவளுக்கு ஒரு சங்கடம். மூத்திரம் வருகிறது என்று தெரிந்த நிமிஷமே ஓட வேண்டும். ஓடும் வழியிலேயே பாதி போய்விடும். கல்யாண வீடுகளுக்குப் போவதை நிறுத்திவிட்டாள். தேக்கா சந்தைக்குப் போகிற நாளில் எழுந்ததிலிருந்து ஒரு மிடறு தண்ணீர் குடிக்கமாட்டாள். புருஷனிடம் மட்டும் சொல்லவில்லை. லிஃப்டைப் பற்றி அவர் பேசுகிற பேச்சைத் தினமும் கேட்கிறவள் எப்படிச் சொல்லுவாள்?

அரசாங்க கிளினிக்கில் அருள்ஜோதி என்று ஒரு தமிழ் நர்ஸ் இருந்ததால்தான் கடைசியில் வாய் திறந்தாள். டாக்டர் மூத்திரப் பையை அடக்குகிற மாத்திரை எழுதிக் கொடுத்தார், தினம் மூன்று வேளைக்கு. நாலைந்து வாரத்தில் ஓட்டம் குறைந்தது. ஃபேரர் பார்க்கிலிருந்த மகள் வீட்டுக்கு ஒரு நாள் பஸ்ஸில் போய், நிம்மதியாக உட்கார்ந்துவிட்டு வந்தாள். என்ன மாத்திரை என்று கேட்ட புருஷனிடம் வயிற்றுக்கு என்று சொல்லிவைத்தாள்.

மாத்திரையில் ஒரு தொல்லை இருந்தது. வாய் காய்ந்து போகும். அது தெரியவந்தது ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசையில். நற்கருணை வாங்கிவந்து முழங்காலிட்டவளின் மேல்வாயில், சாமியின் உடல் என்று நம்பி உண்ணும் அந்த அப்பம் ஒட்டிக்கொண்டது. நாக்கில் விழுங்க ஈரமில்லை. புரையேறி இருமினாள், அப்பம் கைக்குட்டைக்கே வந்துவிட்டது. முன்வரிசை மொத்தமும் திரும்பிப் பார்த்தது.

இருபது வருஷமாக அதே கோயிலில் முழங்காலிட்டவர் மரியஅந்தோணி. தலை குனிந்துபோனது. வீட்டுக்கு வந்ததும், வாய் ஏன் இப்படிக் காய்கிறது என்று துருவித் துருவிக் கேட்டார். மாத்திரையால்தான் என்று அவள் ஒப்புக்கொள்ள, மனிதர் கொதித்துவிட்டார்.

"சாமியவே உள்ள விடாத மாத்திரை என்ன மாத்திரை?"

பொட்டலத்தை எடுத்துப்போய், மாடியிலிருந்து குப்பையைக் கீழே தள்ளுவதற்கென்று சுவரில் வைத்திருந்த குழாயில் கொட்டினார். ஒன்பது மாடி உயரத்திலிருந்து அது தடதடவென்று இறங்கியது. அது எதற்கான மாத்திரை என்று சொல்ல பிரிஜட்டின் வாய்வரை வந்தது, சொல்லவில்லை. புருஷன் கொட்டிவிட்டார் என்று கிளினிக்கில் போய் நிற்கவும் கூச்சம். இரண்டே வாரத்தில் பழைய ஓட்டம் திரும்பி வந்தது.

ஒரு வியாழக்கிழமை பக்கத்து வீட்டு முகம்மது யூசுபோடு கோப்பிக் கடையிலிருந்து வந்தார் மரியஅந்தோணி. தரைத்தளத்தில் லிஃப்டுக்கு முன்னால் பத்துப் பதினைந்து பேர். மணி அடித்துக்கொண்டிருந்தது. யாரோ உள்ளே மாட்டிக்கொண்டார்கள், தட்டினால் பதிலில்லை. மரியஅந்தோணிக்கு உடம்பெல்லாம் உற்சாகம். கூட்டத்தை விலக்கி முன்னால் போனார்.

"யாரோ வயசானவங்களா இருக்கப் போகுது. விடுங்க லா" என்றார் யூசுப்.

"வயசானா லிஃப்டு கக்கூஸாயிடுமா? எனக்குச் சொந்தமா இருந்தாலும் நானே பேரைச் சொல்லிக் குடுப்பேன், பாரு."

இருபது நிமிஷம் கழித்து லிஃப்டைக் கவனிக்கும் ஆள் வந்து கதவைத் திறந்தான். உள்மூலையில் பிரிஜட் நின்றிருந்தாள். இரண்டு சந்தைப் பைகளையும் புடவைக்கு முன்னால் சேர்த்துப் பிடித்திருந்தாள். ஒன்றில் கீரைக்கட்டு நீட்டிக்கொண்டிருந்தது.

வந்தவன் கையில் பேர் விவரம் எழுதும் பாரம் இருந்தது. இந்த அம்மா யார், எந்த வீடு, யாருக்காவது தெரியுமா என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்டான். தெரிந்தவர்கள் எல்லாரும் மரியஅந்தோணியைப் பார்த்தார்கள். அவர் லிஃப்டுக்கு மேலே எரிந்த நம்பரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பிரிஜட்டே பேரைச் சொன்னாள். வீட்டு நம்பரையும் நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். பிறகு எல்லாரும் பார்க்க நடந்துபோய்ப் படியேறினாள்.

"பையயாவது வாங்குங்கண்ணே" என்று யூசுப் அவர் முதுகில் கைவைத்துத் தள்ளினார்.

ஆறாம் மாடித் திருப்பத்தில் மூச்சு வாங்க அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அங்கேதான் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கைகளில் பைகள் கனத்தன.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றார்.

"எப்போ சொல்றது? போட்டோ போடணும்னீங்களே, அதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

அவர் பைகளைக் கை மாற்றிப் பிடித்தார்.

"மாத்திரையக் கொட்டுனதும் நீங்க. கதவு தொறந்தப்ப என் பேரைச் சொல்லாம நின்னதும் நீங்க. மாட்டுனது மட்டும் நான்."

மறுநாள் அவளைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனார். அருள்ஜோதி விஷயத்தைக் கேட்டுவிட்டு டாக்டரிடம் போய்ப் பேசினாள். மாத்திரை பாதியாகக் குறைந்தது, இது நோய்தான் என்று ஒரு கடிதமும் கிடைத்தது. அடிக்கடி கொஞ்சம் தண்ணீரால் வாயை நனைத்துக்கொள்ளச் சொன்னாள். அவசரம் வந்தால் உடனே ஓடாமல் கொஞ்சம் கொஞ்சமாக அடக்கிப் பழகும் விதத்தையும் சொல்லிக்கொடுத்தாள். பிறகு மரியஅந்தோணி பக்கம் திரும்பினாள்.

"அங்கிள், வாய் காயுறது இந்த மாத்திரைக்கு உள்ள குணம். ஒத்துக்கலன்னா இங்க வந்து சொல்லணும், அளவை மாத்தித் தருவோம். நீங்களா குப்பையில போடக்கூடாது. மூத்திரம் அடங்கலங்கிறது நோவு, ஒழுக்கக்கேடு இல்ல. வீட்ல உள்ளவங்க ஏசுனா நோயாளி மறைப்பாங்க. மறைச்சா இப்படித்தான் ஆகும்."

"பாதி மாத்திரை என்னத்தக் கேக்கும்?" என்று முனகினார். ஆனால் பொட்டலத்தை வாங்கித் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டது அவர்தான்.

திரும்பி வந்தபோது லிஃப்டைக் கழுவிக்கொண்டிருந்தான் நேற்றைய ஆள். கிளினிக் கடிதத்தை அவனிடம் நீட்டினார் மரியஅந்தோணி.

"உங்க ஆபீஸ்ல கொண்டுபோய்க் குடு. இது எம் பொண்டாட்டி, பேரு பிரிஜட். நேத்து நாந்தான் சொல்லியிருக்கணும்."

அவன் கடிதத்தை வாங்கினான். மெஷினுக்கு நோயாளி யார், போக்கிரி யார் என்றெல்லாம் தெரியாது அங்கிள் என்றான்.

"மெஷினுக்குத் தெரியாது சரி. மனுஷனுக்குத் தெரியணுமில்ல? பிடிக்கிறதுக்கு மெஷின் வெச்சீங்க. அவசரத்துக்கு ஒதுங்க கீழ ஒரு கக்கூஸ் வெச்சீங்களா?"

அது தன் வேலை இல்லை என்றான் அவன். மெஷின் வைத்தது எல்லாருடைய நன்மைக்கும்தான் என்றும் பொறுமையாக விளக்கினான். பிரிஜட் உள்ளே போய்க் கதவைக் கையால் பிடித்துக்கொண்டு, வாங்க என்றாள்.

மரியஅந்தோணி கழுவிய தரையைப் பார்த்தார். மூலையில் சின்னதாக எரிந்த மெஷின் விளக்கைப் பார்த்தார்.

"நீ போ. இந்த மெஷினோட நான் ஏற மாட்டேன்" என்றார்.

சட்டைப் பையிலிருந்த பொட்டலத்தை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு, ஒன்பது மாடிக்கும் படியேற நடந்தார். அவன் சொன்ன விளக்கம் எதுவும் அவர் காதில் ஏறவில்லை.