சம்பந்தி தட்டில் ஃபுகி மொட்டு

பனி உருகத் தொடங்கியதும் மலையேறி ஃபுகி என்ற காட்டுக் கீரையின் மொட்டைப் பறித்து வருவது சுகாயாவின் வழக்கம். அதை ஓரியே தன் இசகாயாவில், குடிக்கவும் கொறிக்கவும் ஊரார் வரும் அந்தச் சிறு கடையில், பொரித்துத் தரவேண்டும். வாடிக்கைக்காரர் ஆசையாகக் கொண்டுவந்ததை அவர் கண்முன்னே புரட்டிப் பார்ப்பது அந்த மலையடி ஊரில் மரியாதை இல்லை. அதனால் ஓரியே பார்க்கவில்லை. காம்பை நறுக்கி, மாவில் தோய்த்து எண்ணெயில் போட்டுவிட்டாள்.

அன்று மாலை சுகாயா தன் வருங்காலச் சம்பந்தி ஹிராய்வாவை அழைத்து வந்திருந்தார். கடற்கரை நகரத்துக்காரர், பேச்சு குறைவு. சுகாயாவுக்கு அந்தக் குறையே இல்லை. நாற்பது வருட மலை அனுபவத்தில் ஒரு முறைகூடத் தான் தவறாகப் பறித்ததில்லை என்று மூங்கில் குருத்துக் கூட்டு முடிவதற்குள் மூன்று தடவை சொல்லிவிட்டார்.

ஆளுக்கு நான்காக எட்டு மொட்டுகளை வைத்துவிட்டு, ஓரியே நறுக்கும் பலகையைத் துடைக்கத் திரும்பினாள். அதில் ஓர் இதழ் ஒட்டிக்கிடந்தது. ஃபுகியில் பஞ்சு போல ரோமம் இருக்கும். இது வழுவழுவென்றிருந்தது. இதே பருவத்தில், ஃபுகி மொட்டின் சாயலிலேயே, பக்கத்தில் முளைக்கும் ஒரு செடி உண்டு. தின்றவன் பித்துப் பிடித்து ஓடுவான், சிலர் பிழைப்பதில்லை.

எண்ணெய் சரியில்லை, வேறு பொரித்துத் தருகிறேன் என்று பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டு சொல்லிப் பார்த்தாள். அவள் அடக்கமாகப் பேசுகிறாள், நீங்கள் சாப்பிடுங்கள் என்று சுகாயா சிரித்தார். ஹிராய்வா பணிவாகத் தலைகுனிந்து ஒன்றை எடுத்தார். ஓரியே எட்டி அவர் சாப்பாட்டுக் குச்சியோடு சேர்த்துத் தட்டைப் பிடித்தாள்.

"அண்ணே, இதுல ஒண்ணு ஃபுகி இல்ல. விஷம்."

எட்டையும் பிளந்தாள். ஏழின் உள்ளே பொடிப்பொடிப் பூக்கள் கொத்தாக இருந்தன. சம்பந்தி தட்டிலிருந்த ஒன்றில் மட்டும் சுருண்ட இலைகள்தான். ஹிராய்வா எதுவும் காதில் விழாதவர் போலத் தன் கோப்பையையே பார்த்தார். சுகாயாவின் காது சிவந்துவிட்டது.

"இது பூ வைக்காத பிஞ்சு. எனக்கே மலையைச் சொல்லித் தர்றியா? குடு, நானே தின்னு காட்டுறேன்."

வீம்பு பிடித்த மனுஷன், செத்தாலும் ஒத்துக்கொள்ள மாட்டான் என்று ஓரியேவுக்கு ஆத்திரமாக வந்தது. அவர் குச்சி நீள்வதற்குள் அந்த மொட்டை அவளே எடுத்துக்கொண்டாள்.

"பறிச்சது நீங்க, பொரிச்சது நான். நல்லதுதான்னு தலையாட்டுங்க, முழுங்கிடறேன்."

சொல்லிவிட்டு வாயில் போட்டுக்கொண்டாள். கடிக்கவில்லை. அவர் முகத்தைவிட்டுப் பார்வையை எடுக்கவுமில்லை.

சுகாயா சம்பந்தியைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். சட்டென்று எழுந்ததில் முக்காலி சாய்ந்தது. அவள் மோவாய்க்குக் கீழே இரண்டு கைகளையும் ஏந்தினார்.

"துப்பிரும்மா. நான் தப்பாப் பறிச்சுட்டேன். துப்பிரு."

ஓரியே அந்தக் கைகளில் துப்பினாள்.