மூடிக்குள் சந்தனம்

அது எண்பத்தெட்டா, எண்பத்தொன்பதா என்று எனக்கு நிச்சயமில்லை. சந்தனக் கிண்ணத்தைப் பிடித்திருந்தது நான்தானா என்பதில்கூட வசதியான ஒரு சந்தேகத்தை இத்தனை வருஷமாக வளர்த்து வந்திருக்கிறேன். ஆனால் எழுத உட்கார்ந்தால், கிண்ணம் பித்தளை, அதன் விளிம்பு ஒரு பக்கம் நசுங்கியிருந்தது என்பதுவரை ஞாபகம் வருகிறது.

தென்காசியில் ஓர் உரக்கடைக்கு மேல் மாடியில் பஞ்சாபகேசன் சார் கம்ப்யூட்டர் இன்ஸ்டிட்யூட் நடத்தினார். பம்பாயில் ஆறு வருஷம் இருந்தவர். அங்கே என்ன செய்தார் என்று யாரும் கேட்டதில்லை. பம்பாய் என்பதே போதுமானதாக இருந்தது. கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று இணைக்கும் படிப்பு என்று போர்டு எழுதி வைத்தார். சேர்ந்தவர்கள் ஏழு பேர். கடைசிவரை நின்றது ராயகிரி மாடக்கண்ணுவும் நானும்.

மாடக்கண்ணுவின் அண்ணன்கள் இருவரும் போலீஸ். இவனுக்கு மார்பளவு அரை அங்குலம் குறைந்துபோயிற்று. அந்த அரை அங்குலத்தை வீட்டில் தினமும் சோற்றோடு சேர்த்துப் பரிமாறினார்கள். அதனால் அவன் படித்தான். பிளேடால் கேபிளின் தோலை உரித்தால் உள்ளே இருக்கும் கம்பி வலையில் ஓர் இழை அறுபடாது. நான் உரித்தால் செப்புக் கம்பியே கையோடு வந்துவிடும்.

"ஜாயிண்ட்ல ஒரு தூசி இருக்கப்படாது. தூசி இருந்தா எல்லாம் நின்னுடும்" என்பார் சார். இருவரும் நோட்டில் அடிக்கோடிட்டு எழுதிக்கொண்டோம்.

குற்றாலத்தில் சங்கரபாண்டி அண்ணாச்சி புதிதாக லாட்ஜ் கட்டியிருந்தார். கீழே வரவேற்பில், முதல் மாடி ஆபீசில், அதற்கு மேல் தன் அறையில் என்று மூன்று கம்ப்யூட்டர் வாங்கினார். எண்ணெய் வழிய வரும் கூட்டத்துக்கு நடுவில் இறங்காமல், எந்த ரூம் காலி என்று அவர் மேலேயிருந்தே பார்க்க வேண்டுமாம்.

"விஜயதசமிக்கு லைன் ஓடணும். ஓட்டிக் காட்டுதவனுக்கு இங்கனயே பெர்மனென்ட் வேல" என்றார்.

மாடக்கண்ணு ஐந்து நாளில் முடித்தான். நான் ஏணியைப் பிடித்தேன். கேபிள் ஒன்றுதான், மூன்று கம்ப்யூட்டரும் அதிலேயே கோத்திருக்கும். கேபிளின் இரு முனையிலும் விரல் நுனி அளவில் ஓர் உலோக மூடி. அது சரியாகப் பொருந்தாவிட்டால் போன செய்தி முட்டித் திரும்பி வந்து மூன்றையும் ஊமையாக்கிவிடும். பூஜைக்கு முதல் நாள் எல்லாம் ஓடியது. மாடக்கண்ணு வீட்டுக்குக் கார்டு போட்டுவிட்டான்: வேலை கிடைத்தாயிற்று.

ஆயுத பூஜை அன்று சார் சந்தனக் கிண்ணத்தை என்னிடம் கொடுத்தார். மாடக்கண்ணுவிடம் வாழை மரம் கட்டச் சொன்னார். ஏன் அப்படி என்று எங்கள் இருவருக்கும் தெரியும், கேட்கவில்லை.

"அரிவாளுக்கு வெட்டற இடத்துல வெக்கறோம், திருகு இடுக்கிக்குப் பிடிக்கற இடத்துல வெக்கறோம். வேலை நடக்கற இடத்துலதாண்டா பொட்டு, கிச்சா" என்றார் சார். இரண்டு மூடிகளையும் கழற்றினார். சுண்டுவிரலால் உள்ளே சந்தனத்தை நிரப்பினார். வெளியே குங்குமம் வைத்துத் திருகி மாட்டினார். அண்ணாச்சி கைகூப்பி நின்றார். நான் கிண்ணத்தை நீட்டிக்கொண்டு நின்றேன். நான் அதிகம் பேசாதவன். அதை ஆழம் என்று ஊரில் நம்பினார்கள், நானும் நம்பினேன்.

மறுநாள் பாங்க் மேனேஜர் முதல் எண்ணெய்க்கடைக்காரர் வரை வந்திருந்தார்கள். கற்பூரம் காட்டி ஸ்விட்சைப் போட்டதும் மூன்று திரைகளும் வெளிச்சமாயின. ஒன்றுக்கு மற்றொன்றைத் தெரியவில்லை.

"இவன் கேபிள் முனையை நசுக்கிக் கிரிம்ப் பண்ணினது சரியில்லே. கைவாகு அப்படி" என்றார் சார்.

"முந்தாநேத்து ஓடுச்சே சார்!"

மாடக்கண்ணு மாடிக்கும் கீழுக்குமாக ஒரு மணி நேரம் ஓடினான். விருந்தாளிகள் சுண்டல் தின்றார்கள். என்னிடம் வந்து நின்றான்.

"கிச்சா, நேத்து யாராச்சும் தொட்டாவளாடே?"

நான் மின்விசிறியைப் பார்த்தேன். "தெரியலடா."

கடைசியில் வரவேற்பு மேஜைக்கடியில் இருந்த மூடியைக் கழற்றினான்.

"ஏலே, இதுக்குள்ள சந்தனத்த எவம்லே அப்புனது?"

சாருக்கும் அண்ணாச்சிக்கும் எனக்கும் தெரியும். சார் கற்பூரத் தட்டை நேராக்கினார். அவன் ஊக்கால் சுரண்டி, சட்டை நுனியால் துடைத்தான். மேல் மூடியையும் அப்படியே செய்தான். அண்ணாச்சியின் திரையில் ரூம் பட்டியல் வந்து நின்றது.

"வந்துட்டு! வந்துட்டு!" என்று குதித்தார் அண்ணாச்சி.

"பூஜையோட பலன். கொஞ்சம் தாமதமா வந்துடுத்து" என்றார் சார்.

"பலன் இந்தா இருக்கு சார்" என்று மாடக்கண்ணு சட்டை நுனியைத் தூக்கிக் காட்டினான். "ஒரு தூசி இருக்கப்படாதுன்னு நீங்கதான சொன்னிய?"

அண்ணாச்சியின் முகம் மாறியது. "சாமி சந்தனத்தச் சட்டயிலயா தொடச்ச? வேலக்கி வருமுன்னயே இம்புட்டு வாயா? அந்தச் சட்டயோடயே பஸ் ஏறு." பிறகு என் பக்கம் திரும்பினார். "கிண்ணம் புடிச்ச பய பேசவே மாட்டங்கான். அவன் இருக்கட்டும்."

மாடக்கண்ணு என்னைப் பார்த்தான். நான் இருந்தேன்.

பஞ்சாபகேசன் சார் நான்கு வருஷம் கழித்து இன்ஸ்டிட்யூட்டை மூடிவிட்டு மதராஸில் மகள் வீட்டுக்குப் போய், அங்கேயே காலமானார். சங்கரபாண்டி அண்ணாச்சியின் லாட்ஜை மகன்கள் நடுவில் சுவர் வைத்துப் பிரித்துக்கொண்டார்கள். மாடக்கண்ணு ராயகிரிக்குத் திரும்பவில்லை. கோயம்புத்தூரில் ஒரு மில்லில் எலெக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றான். நான் அந்த லாட்ஜில் பதினோரு வருஷம் வேலை பார்த்தேன். ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் மூடிகளுக்கு வெளியே மட்டும் சந்தனம் வைத்தேன்.