கை படக் கூடாது

எங்கள் ஏரியாவில் ஒரு வண்டி நின்றுவிட்டால் யாரும் வேடிக்கை பார்க்க மாட்டார்கள். மழையில் சுரங்கப்பாதைத் தண்ணீரில் ஆட்டோ மாட்டினாலும் சரி, சாத்தாங்காட்டு இரும்பு மார்க்கெட் வாசலில் லோடு லாரி மக்கர் செய்தாலும் சரி, கூப்பிடாமலே பத்துப் பேர் வந்து தள்ளுவார்கள். தள்ளிவிட்டுப் பெயர்கூடச் சொல்லாமல் போவார்கள். இந்த நல்ல பழக்கம்தான் அன்றைக்கு இந்திய அணியைக் கவிழ்க்கப் பார்த்தது.

நான் ஜானட். திருவொற்றியூரில் மெக்கானிக் ஷெட் வைத்திருக்கிறேன். "பொம்பளை மெக்கானிக்கா?" என்று கேட்பவர்களுக்கு ஸ்பேனரைத் தூக்கிக் காட்டிப் பழகியவள். என் தம்பி நோயல் ஸ்பீட்வே பைக் ஓட்டுகிறான். அந்த வண்டிக்கு பிரேக் கிடையாது. ஒரே கியர். மண் தடத்தில் நான்கு சுற்று, எப்போதும் இடது பக்கமே திரும்ப வேண்டும். ராயபுரத்தில் அம்மா இதைக் கேட்டுவிட்டு, "பிரேக்கு இல்லாத வண்டில இன்னாடா ஜெயிக்கிறது? முழுசா வூடு வந்து சேரு, அதான் கப்பு" என்றாள்.

அந்த வண்டிக்கு செல்ஃபும் இல்லை, கிக்கரும் இல்லை. யாராவது தள்ளித்தான் கிளப்ப வேண்டும். அந்த வேலையை ஏற்றுக்கொண்டவர் ஜெயவேல் அண்ணன், சாத்தாங்காட்டில் லாரிக்குக் கம்பி லோடு ஏற்றுபவர். எட்டு மாதமாக ஞாயிறு தவறாமல் எண்ணூர் மைதானத்துக்கு வந்து தள்ளினார். "நம்ம கை பட்டாத்தான் அது கெளம்பும்" என்று ஊரெல்லாம் பீற்றிக்கொள்வார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் அது உண்மை என்பதால் வாயை மூடிக்கொள்வேன்.

உலகப் போட்டிக்கான தகுதிச் சுற்று அதே எண்ணூர் மைதானத்துக்கு வந்தது. இந்தியா, இலங்கை, மலேசியா, ஜப்பான். இதில் இரண்டு அணிகள்தான் மேலே போகும். ஒவ்வொரு ஓட்டத்திலும் நாட்டுக்கு ஒரு வண்டி. முதலில் வந்தால் மூன்று புள்ளி, இரண்டாவதுக்கு இரண்டு, மூன்றாவதுக்கு ஒன்று, கடைசிக்கு ஒன்றுமில்லை. கடைசி ஓட்டத்துக்கு முன்பே ஜப்பான் தகுதி பெற்று மேலே போய்விட்டது. மிச்சம் ஒரு இடம். கடைசி ஓட்டத்தில் இந்தியாவுக்காக இறங்கும் நோயல் ஒரே ஒரு புள்ளி எடுத்தால் அது எங்களுக்கு. அவன் எதுவும் எடுக்காமல் இலங்கை ஜெயித்தால் அவர்களுக்கு.

ஆரம்பத்திலேயே மலேசியக்காரர் அவசரப்பட்டு, கிளம்பும் கோட்டில் குறுக்கே கட்டியிருந்த நாடா மேலே போவதற்குள் அதில் மோதிவிட்டார். அவரை வெளியே அனுப்பிவிட்டார்கள். மைக் பிடித்திருந்த யாசின் குதித்தான். "மூணே வண்டிதான் கீது! நோயலு சும்மா சுத்திகினு வந்தாலே போதும் மாமு!" கூட்டம் அப்போதே ஆட ஆரம்பித்துவிட்டது.

மூன்று சுற்று சரியாகத்தான் போனது. நான்காவது சுற்றில், பாதி தூரம் மிச்சம் இருக்கும்போது செயின் அறுந்தது.

அந்தச் செயினை மாட்டியது நான். கையில் புதுசு இருந்தது. பழசு ராசியான செயின் என்று அதையே மாட்டினேன். வேறு எவனாவது அப்படிச் செய்திருந்தால் பளாரென்று அறைந்திருப்பேன். இலங்கை வண்டி முதலில் கோட்டைத் தாண்டியது, ஜப்பான் பின்னால் தாண்டியது. என் தம்பி எதிர்ப் பக்கம் நின்றுபோன வண்டியோடு நின்றான்.

பிறகு அவன் இறங்கித் தள்ள ஆரம்பித்தான். ஓட்டுகிறவனே தள்ளிக்கொண்டு மூன்று நிமிடத்துக்குள் கோட்டைத் தாண்டினால் அந்தப் புள்ளி உண்டு. விதி அப்படி. வேறு யார் கையும் படக் கூடாது. அதுவும் விதிதான்.

"வண்டி நின்னுபோச்சுடா, வாங்கடா!"

கத்திக்கொண்டே ஜெயவேல் அண்ணன் வேலியைத் தாண்டிவிட்டார். பின்னால் ஐம்பது பேர்.

நான் யாசின் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கினேன். "ஜெயவேலண்ணா, தொடாத! எவன் கை பட்டாலும் இந்தியா அவுட்டு! அல்லாரும் கைய தூக்கித் தலமேல வைங்க!"

அண்ணன் கை வண்டியின் பின்பக்கத்துக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. அப்படியே தலைக்குப் போனது. ஐம்பது பேரும் தலைமேல் கை வைத்துக்கொண்டார்கள். ஆனால் சும்மா நிற்கிற ஜென்மங்களா அவர்கள்? நோயலின் கூடவே, கையைத் தலையில் வைத்தபடி, "தள்ளு நைனா, தள்ளு!" என்று ஓடி வந்தார்கள். நானும் மைக்கைப் போட்டுவிட்டுக் கோட்டுக்கு ஓடினேன்.

நோயலின் இடது காலில் இரும்பு போட்ட ஷூ. திருப்பத்தில் மண்ணில் ஊன்றுவதற்காகப் போடுவது, ஓடுவதற்கு அல்ல. நொண்டி நொண்டி வந்தவன் கோட்டுக்குப் பத்தடி இருக்கும்போது சறுக்கி விழுந்தான். வண்டி அவன்மேல் சாய்ந்தது.

என் கை தானாகவே நீண்டது. இரண்டு கையையும் அக்குளில் செருகிக்கொண்டு அழுதேன். ஜெயவேல் அண்ணன் தரையில் உட்கார்ந்து தன் கைகள்மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டார். "எந்திரி நைனா, எந்திரி, நான் பாக்கலப்பா, எந்திரி" என்று கண்ணை மூடிக்கொண்டு புலம்பினார்.

நோயல் எழுந்தான். வண்டியை நிமிர்த்தினான். தள்ளினான். தாண்டினான்.

யாரும் கையை இறக்கவில்லை. வெள்ளைக்கார நடுவர் வந்து கடிகாரத்தைப் பார்த்தார். வண்டி முழுக்கக் கறுப்பு எண்ணெய் வழிந்துகொண்டிருந்தது. அவர் ஜெயவேல் அண்ணனிடம் கையைக் காட்டச் சொன்னார். அண்ணன் இரண்டு உள்ளங்கையையும் விரித்தார். தரையின் மண் மட்டும் ஒட்டியிருந்தது, எண்ணெய் ஒரு பொட்டுகூட இல்லை. நடுவர் சிரித்துவிட்டு ஒரு விரலைத் தூக்கினார். ஒரு புள்ளி.

யாசின் மைக் இல்லாமலே கத்தியது மணலி வரை கேட்டிருக்கும். நோயல் தரையில் படுத்தபடி என்னைப் பார்த்து, "ராசியான செயினாமே யக்கா?" என்றான். நான் அவன் ஹெல்மெட்டில் ஒரு தட்டுத் தட்டி, அதே இடத்தில் முத்தமும் கொடுத்தேன்.

ஜெயவேல் அண்ணன் இன்னும் கையை விரித்தபடியே நின்றார். "யம்மா ஜானட்டு, இப்ப தொடலாமா?"

"தொடுண்ணா" என்றேன்.

ஐம்பது பேரும் விழுந்தடித்து ஓடிவந்து நோயலை வண்டிமேல் தூக்கி உட்காரவைத்து, ஒரு முழுச் சுற்று தள்ளிக்கொண்டு போனார்கள். எட்டு மாதத்தில் ஜெயவேல் அண்ணன் கை பட்டும் அந்த வண்டி கிளம்பாதது அன்றைக்கு ஒரு தடவைதான். அதைப் பற்றி அவர் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.